நீலக்கரைக் குவளை

என் அம்மா ஒன்றைச் சொன்னால் அதைத்தான் செய்வாள், அப்பா ஒன்றைச் சொன்னால் அவரும் அதைத்தான் செய்வார் என்று ஒன்பது வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். குழந்தைகளுக்கு வேறு என்ன வழி இருக்கிறது? பெரியவர்கள் இன்று வாயால் சொல்வதை வைத்துத்தான் நாளைக்கு அவர்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்று கணித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்தக் கணிப்பில் நான் கெட்டிக்காரி என்று வேறு எனக்கு ஒரு நினைப்பு.

அப்போது நாங்கள் சாந்தோமில், மாதா கோயிலுக்குப் பின்னால் கடலைப் பார்த்துப் போகிற ஒரு சந்தில் குடியிருந்தோம். யுத்த காலம். ஜப்பான்காரன் வந்துவிடுவான் என்று ஊரை விட்டு ஓடியவர்கள், அவன் வராததால் சற்று வெட்கத்தோடு திரும்பி வந்து மறுபடி குடியேறியிருந்தார்கள். ஜன்னல் கண்ணாடிகளில் ஒட்டிய கறுப்புக் காகிதம் மட்டும் ஓரம் கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது. அப்பா கோயிலைச் சேர்ந்த பள்ளிக்கூடத்தில் வாத்தியார். வீட்டில் நான் ஒரே பிள்ளை. ஒரே பிள்ளை என்பது ஒரு பதவி என்று, அது போகிறவரை எனக்குத் தெரியாது.

அப்பாவுக்கு ஒரே தங்கை. என் அத்தை. நான் பிறப்பதற்குச் சற்று முன்பு அவள் வேப்பேரியில் ஒரு சீர்திருத்தச் சபைக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டாள். அவரும் ஏசுவைக் கும்பிடுகிறவர்தான். அவரும் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர்தான். ஆனால் மாதாவைக் கும்பிடாதவர். அப்படிப்பட்டவர்களுக்கு அந்த நாளில் எங்கள் வீடுகளில் பதிதர் என்று பெயர். சாமியார் பிரசங்கத்தில் அந்தச் சொல்லை உச்சரிக்கும்போது பெண்கள் பக்கத்து முக்காடுகள் எல்லாம் ஒருமுறை அசைந்து அடங்கும்.

அத்தையைப் பற்றி வீட்டில் இரண்டு கட்சி. அம்மா எதிர்க்கட்சி. அரிசி களைந்தாலும் துணி துவைத்தாலும் அம்மாவுக்கு நாத்தனார் நினைவு வந்துவிடும். "அந்தப் பதிதன் வீட்டு வாடை இந்த வீட்டுல படக்கூடாது. அவளோ அவ பெத்ததோ இந்த வாசப்படிய மிதிச்சா, நான் நேரா போய்க் கிணத்துல விழுவேன்" என்பாள். அப்பா சாய்வு நாற்காலியில் சாய்ந்துகொண்டு, ஒரு பெருமூச்சு விட்டு, "தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும்" என்பார். சில நாள் அவர் கண்ணில் தண்ணீர்கூட நிற்கும். "அவ பிள்ளை என் பிள்ளை இல்லையா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்பார்.

எனவே என் கணக்கு தெளிவாக இருந்தது. அத்தை மகள் என்று ஒருத்தி எப்போதாவது வந்தால் அப்பா ஓடிப்போய்த் தூக்கிக்கொள்வார். அம்மா கிணற்றில் விழுவாள். அம்மா விழாமல் இருப்பதற்காக, அத்தை மகள் வரவே கூடாது என்று ஜெபமாலையில் ஒரு வேண்டுதலாகச் சேர்த்துக்கொண்டும் வந்தேன்.

அவள் வந்தாள். கிறிஸ்துமஸ் கழிந்த ஒரு மத்தியானம், கை ரிக்‌ஷாவில், மடியில் ஒரு துணி மூட்டையோடு வந்து இறங்கினாள். என் உயரம். என்னைவிட மெலிவு. அத்தைக்கு நெஞ்சு நோவு என்று ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். அது காசநோய் என்பது எனக்குப் பின்னாளில்தான் தெரிந்தது. அந்தச் சொல்லைப் பெரியவர்கள் வீட்டுக்குள் சொல்ல மாட்டார்கள், சொன்னாலே ஒட்டிக்கொள்ளும் என்பதுபோல. அத்தையின் கணவருக்கு ரயில்வேயில் உத்தியோகம். யுத்த வேலையாக அஸ்ஸாம் பக்கம் அனுப்பிவிட்டார்கள். முன்கூட்டியே அப்பாவுக்குக் கடிதம் போட்டிருந்தாராம். அப்பா பதில் போடவில்லை. எங்கள் வாசலில் வந்து நிற்க அவருக்கு முகமில்லை. பிள்ளையை மட்டும் ஏற்றி அனுப்பிவிட்டார்.

"இன்னா சாரே, வாத்யார் வூடு இதானே?" என்றார் ரிக்‌ஷாக்காரர். "கொயந்த கீது. எறக்கிக்கோ."

அப்பா வாசலில் நின்றார். முன்னே போகவுமில்லை, பின்னே வரவுமில்லை. "யார் அனுப்பினது? இப்படி திடுதிப்புன்னு... எங்கிட்ட ஒரு வார்த்தை..."

"வேப்பேரிலேர்ந்து இட்டாறேன். இதும் நைனா சென்ட்ரல்ல ரயிலு ஏறிப் பூட்டாரு. நீ சொந்த மாமன்தானே? வாசல்லயே நிக்கவச்சிக் கேள்வி கேட்டுக்கினு கீறியே!"

அப்பா சந்தின் இரண்டு பக்கமும் பார்த்தார். கோயில் பக்கம் சற்று அதிக நேரம் பார்த்தார்.

அம்மா ஈரக் கையோடு உள்ளேயிருந்து வந்தாள். கிணறு பின்கட்டில் இருந்தது. நான் எந்தக் கதவருகில் நின்று கையை விரித்து அம்மாவை மறிக்க வேண்டும் என்றுகூட முன்பே யோசித்து வைத்திருந்தேன். அம்மா அந்தப் பெண்ணை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"செருப்பு எங்கடி?"

"இல்ல மாமி."

"கொதிக்கிற மண்ணுல வெறுங்காலோட நிக்கிறியே, அறிவிருக்கா? உள்ள வா."

அவ்வளவுதான். அவள் வாசற்படியை மிதித்தாள். அம்மா சொன்னபடியே நேராகக் கிணற்றடிக்குப் போனாள். ஒரு வாளி தண்ணீர் இறைத்து அவள் காலைக் கழுவிவிட்டாள்.

அன்றிலிருந்து என் வீட்டில் எனக்கு இடமில்லை என்று நான் முடிவு செய்தேன். யாரும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் சொல்லை நம்புவதை நான் அந்த மத்தியானத்தோடு விட்டுவிட்டேன். இனி கண்ணால் பார்ப்பதை மட்டும்தான் நம்புவது என்று வைத்துக்கொண்டேன். கண்ணால் பார்த்தது எல்லாம் வயிற்றை எரித்தது.

முதலில் குவளை. நாங்கள் எல்லோரும் பித்தளை டம்ளரில் குடிப்பவர்கள், விளிம்பு நசுங்கிய பழைய டம்ளர்கள். அவளுக்கு அம்மா கடைத்தெருவுக்குப் போய் ஒரு எனாமல் குவளை வாங்கி வந்தாள். வெள்ளை வெளேரென்ற குவளை. விளிம்பில் நீலக்கரை. வயிற்றில் ஒரு சிவப்பு ரோஜாப் பூ, இரண்டு இலை. அதற்கு ஜோடியாக எனாமல் தட்டு. யுத்தத்தில் எந்தச் சாமானும் கிடைக்காத நாளில் அம்மா எங்கே தேடிப் பிடித்தாளோ! அதை வேறு யாரும் தொடக்கூடாது. மற்றப் பாத்திரங்களோடு சேராமல், பின்கட்டு மாடத்தில் மாதா சுரூபத்தை வைப்பதுபோலத் தனியாக வைத்தாள். தினமும் வெந்நீர் ஊற்றிக் கழுவினாள். என் டம்ளருக்கு வாழ்நாளில் ஒரு சொட்டு வெந்நீர் கிடைத்ததில்லை, சாம்பல்தான்.

பிறகு படுக்கை. வீட்டிலேயே நல்ல காற்று வரும் இடம் கடல் பக்கத்து ஜன்னல். அது என் இடம். அங்கே அவளுக்குப் பாய் போட்டாள். என்னை அடுத்த அறையில், நெல் மூட்டை வாசனையில் படுக்க வைத்தாள்.

பிறகு முட்டை. எங்கள் வீட்டில் முட்டை ஞாயிற்றுக்கிழமைப் பண்டம். ஈஸ்டருக்கு முந்தைய தவசு காலம் பிறந்தால் நாற்பது நாளும் அதுவும் கிடையாது. அத்தை மகளுக்குத் தினமும் ஒரு முட்டை. தவசு வந்தது, முட்டை நிற்கவில்லை. வெள்ளிக்கிழமைகூட நிற்கவில்லை. அம்மா அவளை அடுப்படியில் சுவரைப் பார்த்து உட்கார வைத்து, யாரோ பார்த்துவிடுவார்கள் என்பதுபோல அவசரமாக ஊட்டுவாள். கறி தொடக்கூடாத ஒரு சுத்தபோசன நாளில் பிள்ளைக்குப் பாலில் கறிச்சட்டி வாசனை பட்டுவிட்டது என்று சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் போய்ச் சொன்னவள் என் அம்மா!

முட்டைக்காரி ஒருநாள் கூடையை இறக்கி வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துவிட்டாள்.

"இன்னாமா, தெனம் ஒண்ணு வாங்கற. உம் பொண்ணு வாயப் பாத்துக்கினு நிக்குது. அதுக்கும் ஒண்ணு எடேன்."

"அவளுக்கு எதுக்கு? அவ நல்லாத்தானே இருக்கா" என்றாள் அம்மா.

"ஊரு வூட்டுக் கொயந்தைக்கு ஊட்டறே, ஒன் வூட்டுக் கொயந்த கீதே காஞ்சிக்கினு!" என்று சிரித்துவிட்டுப் போனாள் அவள்.

நல்லா இருப்பது இவ்வளவு பெரிய குற்றமா என்று நான் அன்று கடற்கரை மணலில் போய் உட்கார்ந்து அழுதேன். சிறிது நேரம் இருமிக்கூடப் பார்த்தேன். யாரும் கேட்கிற தூரத்தில் இல்லை.

மறுநாளோ அதற்கு மறுநாளோ, அம்மா மாவு அரைத்துக்கொண்டிருந்தபோது மாடத்துக் குவளையை எடுத்தேன். அத்தை மகள் பாதி குடித்து மூடி வைத்திருந்த பால் அதில் இருந்தது. பூ வரைந்த பக்கமாகத் திருப்பி, நீலக்கரையில் உதட்டை வைத்து, ஒரு வாய்தான் குடித்தேன். எனாமல் பித்தளையைவிடச் சில்லென்று இருந்தது. அம்மா எப்படிப் பார்த்தாள் என்று தெரியாது. என் கன்னத்தில் விழுந்த அடி இன்னும் நினைவிருக்கிறது. அம்மா என்னை அடித்தது அதுதான் முதல் தடவை. அதோடு விடவில்லை. உப்புத் தண்ணீரை என் வாயில் ஊற்றிக் கொப்பளிக்கச் சொன்னாள். நாக்கைத் துணியால் தேய்த்தாள். "துப்புடி, துப்பு! இன்னும் துப்பு!" என்று சொல்லிக்கொண்டே அவளும் அழுதாள்.

ஒரு குவளைக்காக அம்மா அழுகிறாள் என்று நான் நினைத்தேன்.

அத்தை மகள் கிணற்றடியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பொதுவாகவே ஒன்றும் சொல்ல மாட்டாள். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. சண்டைக்கு வந்தால் நான் ஜெயித்திருப்பேன்.

என்னிடம் மீதி இருந்த ஒரே ஆயுதம் மதம். சாயங்காலம் வீட்டில் ஜெபமாலை சொல்லும்போது அவள் எங்களோடு முழந்தாளிடுவாள். பரலோக மந்திரம் சொல்வாள். பிரியதத்த மந்திரம் வரும்போது உதட்டை இறுக்கி மூடிக்கொள்வாள். அது மாதாவுக்கான மந்திரம்; அவர்கள் வீட்டில் அது கிடையாது. ஜெபமாலையின் ஐம்பத்து மூன்று மணிக்கும் அப்படி மௌனமாக இருப்பாள். நான் கண்ணை மூடியதுபோல மூடி, இமை இடுக்கால் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் நடுவிலேயே சத்தமாகச் சொன்னேன். "அம்மா, இவ மாதா மந்திரம் சொல்றதே இல்ல. தினமும் சும்மா இருக்கா."

ஜெபம் நின்றது. அப்பா தொண்டையைக் கனைத்தார். அத்தை மகள் தரையைப் பார்த்தாள். பதிதன் வீட்டு வாடை படக்கூடாது என்ற அம்மா இப்போது கட்டாயம் எழுந்திருப்பாள் என்று காத்திருந்தேன். அம்மா கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

"அவ வாய் அவளோடது. நீ உன் மணியப் பாத்து உருட்டு."

அப்பாவை நான் அதுவரை கணக்கில் சேர்க்கவில்லை. அவர் தங்கை மகளைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்வார் என்ற பழைய நம்பிக்கை பாக்கி இருந்தது. ஆனால் அவர் அவளோடு பேசியே நான் பார்த்ததில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் முதலில் அவள் வாசல் பக்கம் இல்லாமல் பின்கட்டில் இருக்கிறாளா என்று பார்ப்பார். ஆஸ்பத்திரிக்கு மாதம் ஒருமுறை கேரியரில் சாப்பாடு எடுத்துக்கொண்டு போனதும் அம்மாதான். வழியெல்லாம் நாத்தனாரைத் திட்டிக்கொண்டே போய், திட்டிக்கொண்டே வருவாள். அப்பா வாசல்வரை வந்து, "நான் விசாரிச்சேன்னு சொல்லு" என்பார். கண்ணைத் துடைத்துக்கொள்வார். அந்தக் கண்ணீர் பொய் என்று நான் இன்றும் சொல்ல மாட்டேன்.

ஈஸ்டர் என்கிற பாஸ்கு திருநாள் கழிந்த வாரம் அப்பா அம்மாவிடம் பேசியதைக் கேட்டேன். பாஸ்குவுக்குப் பிறகு சாமியார் தீர்த்தம் தெளித்து வீடு மந்திரிக்க ஒவ்வொரு வீடாக வருவது வழக்கம். எங்கள் சந்துக்கு சனிக்கிழமை வருவதாகக் கோயிலில் அறிவித்திருந்தார்கள். போன வருஷம்தான் வந்த சாமியார், மிகவும் கண்டிப்பானவர் என்று பெயர் எடுத்திருந்தார். பதிதரைப் பற்றிப் பிரசங்கத்தில் அதிகம் பேசுபவரும் அவர்தான்.

"பதிதப் பிள்ளைய வீட்டுல வச்சிருக்கேன்னு அவருக்குத் தெரிஞ்சா என் வேலை என்னாகும்? யோசிச்சியா?" என்றார் அப்பா. "சனிக்கிழமை அவளைப் பின்பக்கம் உட்கார வை. யாராவது கேட்டா பக்கத்து வீட்டுப் பிள்ளைன்னு சொல்லலாம். விஷயம் அவர் காதுக்குப் போச்சுன்னா மறுநாளே அநாதை மடத்துல கொண்டுபோய் விட்டுடறதுதான். எனக்கு வேற வழியில்ல."

அம்மா குவளையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

எனக்குத் தலை கால் புரியவில்லை. சாமியாருக்குத் தெரிந்தால் போதும்! அதுவும் பொய் சொல்லிக் கெடுக்க வேண்டியதில்லை, உண்மையைச் சொன்னாலே போதும். பொய் சொல்லாதே என்று எனக்கு நன்னெறி வகுப்பில் சொல்லிக்கொடுத்தவரே அப்பாதான். "சாமி, இவ எங்க அத்தை மகள், பதிதப் பிள்ளை. மாதா மந்திரம் சொல்ல மாட்டா." இந்த வாக்கியத்தைக் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். குரல் நடுங்காமல் வரும்வரை சொன்னேன். ஜன்னல் பக்கத்து இடத்தில் என் பாயை எந்தத் திசையில் விரிப்பது என்றும் தீர்மானித்தேன். குவளையை அவள் எடுத்துக்கொண்டு போய்விடுவாளோ என்பதுதான் ஒரே கவலை.

சனிக்கிழமை அம்மா வீட்டை மெழுகி, மேஜை மேல் வெள்ளைத் துணி விரித்து, சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபமும் இரண்டு மெழுகுதிரியும் வைத்தாள். சாமியார் வந்தார். பின்னால் அவருக்கு உதவியாகக் கோயில் உபதேசியார் தீர்த்தச் செம்போடு வந்தார். நாங்கள் முழந்தாளிட்டோம். அறை அறையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு போன சாமியார், அப்பா எதிர்பார்த்தபடி கூடத்தோடு நிற்கவில்லை. "அடுப்படி, கிணறு எல்லாம் பார்த்துவிடுவோம்" என்று சொல்லிக்கொண்டே பின்கட்டுக்கு இறங்கிவிட்டார்.

துவைக்கிற கல்லின் மேல் அத்தை மகள் உட்கார்ந்திருந்தாள். அங்கியைக் கண்டதும் எழுந்து நின்றாள். அவளுக்குச் சாமியார் முன் முழந்தாளிட வேண்டும் என்றுகூடத் தெரியவில்லை.

"இது யார்? கோயிலில் பார்த்த முகமாக இல்லையே."

"பக்கத்து... இந்தப் பக்கத்துல ஒரு..." என்றார் அப்பா. நான்கு வகுப்புகளை ஒரே அதட்டலில் அடக்குகிற குரல் அது.

சாமியார் அவரைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தார். "பெயரென்ன என்று பிறகு கேட்கிறேன். பிரியதத்த மந்திரம் தெரியுமா? சொல், கேட்போம்."

அவர் எல்லாக் குழந்தைகளையும் அப்படிக் கேட்பவர்தான். சொன்னால் சட்டைப்பையிலிருந்து ஒரு படம் தருவார். ஆனால் எனக்கு அது பரலோகத்திலிருந்து இறங்கி வந்த கேள்வியாகப் பட்டது. நான் ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை. சும்மா நின்றால் போதும். அவள் வாயை மூடிக்கொண்டாள். சாயங்காலங்களில் மூடுவதுபோலவே இறுக்கி மூடிக்கொண்டாள். அம்மா அடுப்படி வாசலில் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என் வாக்கியம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

அத்தை மகள் சாமியாரைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. கிணற்றடியில் வைத்திருந்த தன் துணி மூட்டை இருக்கிறதா என்பதுபோல ஒருமுறை பார்த்தாள். அதைக் காலையிலேயே கட்டி வைத்திருந்தாள். அப்பா பேசியதை அவளும் கேட்டிருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"அவளுக்கு வெட்கம் சாமி" என்றது ஒரு குரல். "நான் ஆரம்பிச்சா கூடவே சொல்வா."

அது என் குரல். நான் போய் அவள் கையைப் பிடித்திருந்தேன். அந்தக் கை மீன்போல ஈரமாகச் சில்லென்று இருந்தது. பிடித்ததுகூட எனக்குத் தெரியவில்லை. ஆரம்பித்துவிட்டேன். முதல் அடியில் நான் மட்டும்தான் இருந்தேன். இரண்டாவது அடியில் இன்னொரு குரல் சேர்ந்தது. மூன்றாவதில் நான் நின்றுவிட்டேன். அவள் நிற்கவில்லை. ஒரு சொல் பிசகாமல், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, கடைசி ஆமென் வரை சொல்லி முடித்தாள். மாதக்கணக்காகக் காதால் கேட்டவள். வராமல் என்ன செய்யும்? ஆனால் இவ்வளவு அழகாக வந்திருக்க வேண்டியதில்லை.

"இந்தச் சந்திலேயே இதுதான் சரியான உச்சரிப்பு" என்றார் சாமியார். பையிலிருந்து ஒரு படம் எடுத்து அவளிடம் கொடுத்தார். மாதா படம், ஓரமெல்லாம் ஜரிகைபோல வெட்டியது. ஒன்றுதான் எடுத்தார். பிடித்திருந்த கையை நான் உடனே விட்டுவிட்டேன்.

"யார் வீட்டுப் பிள்ளை இது?" என்றார் மறுபடி. இந்தத் தடவை அம்மாவைப் பார்த்துக் கேட்டார்.

அம்மா அடுப்படிப் படியிலிருந்து இறங்கி வந்தாள்.

"இந்த வீட்டுப் பிள்ளைதான் சாமி."

"உங்களுக்கு ஒரே பெண் என்றல்லவா கேள்விப்பட்டேன்?"

"இப்போ ரெண்டு" என்றாள் அம்மா.

சாமியார் அம்மாவைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். மாடத்தில் தனியாக இருந்த எனாமல் குவளையையும் பார்த்தார் என்றுதான் எனக்கு நினைவு. நானாக இப்போது சேர்த்துக்கொள்கிறேனோ என்னவோ. பிறகு உபதேசியாரிடமிருந்து தீர்த்தத்தை வாங்கி, எங்கள் இருவர் தலையிலும் தெளித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாளும் ஒன்றும் நடக்கவில்லை, மறு வாரமும் நடக்கவில்லை. அப்பாவின் வேலை போகவில்லை. அநாதை மடம் என்ற பேச்சு மறுபடி எழவேயில்லை.

இரண்டு. அந்தச் சொல் என்னை அறைந்த அறை குவளைக்கு வாங்கிய அறையைவிடப் பலம். அதை நான்தான் வரவழைத்துக்கொண்டேன் என்பது அதைவிட மோசம். என் வாயால் நானே அவளை இருக்க வைத்துவிட்டேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று படுக்கையில் புரண்டு யோசித்தேன். அவள்மேல் இரக்கம் வந்ததா என்று தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை. பொறாமை மட்டும் இருந்த இடத்தில் அப்படியே இருந்தது, அந்த ஜரிகைப் படத்தையும் சேர்த்துக்கொண்டு.

அம்மாவும் மாறவில்லை. அன்று சாயங்காலமே அடுப்படியில் உட்கார்ந்து, "குலத்தக் கெடுக்க வந்தவ. பதிதனத் தேடிப் போனாளே பாவி" என்று நாத்தனாரை ஆரம்பித்துவிட்டாள். சொல்லிக்கொண்டே முட்டையை உரித்தாள். உரித்து அந்தப் பாவியின் மகள் வாயில் வைத்தாள்.

அத்தை மகள் எங்களோடு இரண்டு வருஷம் இருந்தாள். அத்தை பிழைத்து வந்து அழைத்துக்கொண்டு போனாள். "தங்கை பிள்ளைய என் பிள்ளை மாதிரி வளர்த்தேன். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடாதா?" என்று அப்பா இப்போதும் வருகிறவர்களிடம் சொல்கிறார். மனதாரத்தான் சொல்கிறார். அம்மா இப்போதும் பதிதரைத் திட்டுகிறாள். அத்தை மகள் இப்போது வேப்பேரியில் டீச்சர். போன கிறிஸ்துமஸுக்கு வந்தபோது பழைய பேச்சு வந்தது. "அந்தக் குவளையக் கடல்ல வீசணும்னு இருக்கும் எனக்கு. நீங்க எல்லாரும் குடிக்கிற அந்த நசுங்கின டம்ளரத்தான் பாத்துக்கிட்டே இருப்பேன்" என்றாள். நான் சிரித்தேன். பிறகு வெகுநேரம் சிரிக்க முடியவில்லை.

எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள், நான்கு வயது. ராஜா அண்ணாமலைபுரத்தில் குடியிருக்கிறோம். எதிர்வீட்டுப் பையனுக்குக் கக்குவான் என்றால் நான் இந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்துகிறேன். கதவுப் பிடியை டெட்டால் போட்டுத் துடைக்கிறேன். அது மிகையோ என்று யோசித்துவிட்டு, இன்னொரு தடவை துடைக்கிறேன். "சீக்கு வீட்டுப் பிள்ளை யாரையும் நான் உள்ள விடமாட்டேன், நீங்க என்ன சொன்னாலும் சரி" என்று என் கணவரிடம் அழுத்தமாகச் சொல்கிறேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, நான்தான் சொல்கிறேன். மகள் நிமிர்ந்து என் வாயைப் பார்க்கிறாள். நாளைக்கு ஒரு ரிக்‌ஷா வந்து வாசலில் நின்றால் நான் என்ன செய்வேன்? எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. அந்த நோய் எது, அது எப்படி ஒரு பிள்ளையிலிருந்து இன்னொரு பிள்ளைக்குப் போகும், அது போய் ஒட்டுவதற்குத் தன் வீட்டில் யார் இருக்கிறாள் என்பதெல்லாம் தெரிந்துதான் அவள் அன்று வாசலுக்கு வந்து, செருப்பு எங்கடி என்று கேட்டாள்.

அந்த இரண்டு வருஷமும் விடிகாலையில், பூசை மணி அடிப்பதற்கு முன், அம்மா எழுந்து முதலில் ஜன்னல் பக்கம் போவாள். அத்தை மகளுக்குப் போர்வையைச் சரிசெய்வாள். அதன் பிறகுதான் என்னிடம் வருவாள். வந்து என் கழுத்தில் உள்ளங்கையை வைப்பாள். அவளைத் தொட்ட கை, மிச்சத்துக்கு எனக்கு வருகிறது என்று நான் தூங்குவதுபோலப் புரண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வேன். அம்மா கையை எடுக்கமாட்டாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு, இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே வைத்திருப்பாள். பிறகு மெல்ல மூச்சை விட்டுவிட்டு, முட்டை அவிக்கப் போவாள்.